நெல் விளையும் ஊர், நெல் இல்லாத வீடு

2022 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து ஒரு அரிசிக் கப்பல் கொழும்புக்கு வந்தது. மொத்தம் 40,000 தொன் அரிசி தருவதாக அறிவித்திருந்தார்கள். முதல் கப்பலில் 9,000 தொன் அரிசியும் 200 தொன் பால்மாவும் மருந்துகளும் வந்தன. கஷ்டகாலத்தில் வந்த உதவி, அதற்கு நன்றி சொல்வதில் எங்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் அந்தச் செய்தியை நாங்கள் வாசித்த இடம் கல்முனை. கிழக்கே கடல், மேற்கே சம்மாந்துறைப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். இலங்கையில் கூடுதலாக நெல் விளையும் மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று. அப்படியிருக்க, எங்கட வீடுகளில் ரெண்டு கிழமைக்கு மேல் தாக்குப்பிடிக்கிற அரிசி ஏன் இல்லை?

இந்தக் கேள்வியை வீட்டில் கேட்டபோது எங்களில் ஒருவரின் மூத்தம்மா சொன்னது: "எங்கட காலத்தில கடையில அரிசி வாங்குறதெண்டா வெட்கம் மன. இருட்டுப்பட்ட பிறகுதான் போவாங்க." எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது. அவவின் வீடு காணி உள்ள வீடு. ஆனாலும் அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது, எப்போது போனது என்று தேடத் தொடங்கினோம். இந்தக் கட்டுரை அதுதான்.

அதே 2022 இல் ஐரோப்பாவில், ரஷ்யாவின் எரிவாயு வராவிட்டால் குளிர்காலத்தை எப்படிக் கழிப்பது என்று பயந்துகொண்டிருந்தார்கள். விறகு, போர்வை, சேமிப்பு என்று பத்திரிகைகள் முழுக்க ஆலோசனை. எங்களுக்குக் குளிர்காலம் இல்லை. மாரி இருக்கிறது. ஐப்பசி கடைசியில் தொடங்கி தை வரைக்கும் இழுக்கும் வடகீழ்ப் பருவ மழை. பனி கொட்டாது, ஆளை விறைக்க வைக்காது. ஆனால் ஒரு வீட்டை முடக்கிப்போட அதுவும் போதும்.

மாரி என்றால் வெள்ளம் மட்டும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கரையின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். பெரும்போக வெள்ளாமையை புரட்டாதி, ஐப்பசியில் விதைத்து தை கடைசி முதல் பங்குனி வரை வெட்டுவார்கள். அதாவது மாரி முழுக்க நெல் வயலில் பச்சையாகத்தான் நிற்கும். முன்னைய அறுவடையில் சேர்த்தது அந்த நேரம் பார்த்துத்தான் அடிமட்டத்துக்கு வரும். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து தோணி இறங்காது. கரைவலைக்காரர்கள் கச்சான் காலத்தில் உழைத்ததை வைத்து, அது போதாவிட்டால் முதலாளியிடம் முற்பணம் வாங்கி, வயிற்றைக் கழுவ வேண்டும். மருதமுனையில் சாயம் போட்ட நூல் காய வெயில் இல்லை. கொத்தனுக்கும் கூலியாளுக்கும் வேலை இல்லை. வயல், கடல், தறி மூன்றும் ஒரே நேரத்தில் கையை விரிக்கிற மூன்று மாதம் அது. பொருளாதார மந்தம் என்று இப்போது தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, எங்கட ஊருக்கு அது வருடா வருடம் வந்துபோன விருந்தாளி.

அதனால்தான் மாரிக்கு முந்திய ஆயத்தம் ஒரு பெரிய வேலையாக இருந்தது. ஆடி, ஆவணி வெயிலில் கிடுகு பின்னி கூரை வேய்வார்கள். வேலி அடைப்பார்கள். விறகும் சிரட்டையும் பரணில் ஏறும். புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பிசைந்து சாடியில் அடைப்பார்கள். தேசிக்காய் ஊறுகாய், முட்டியில் கருவாடு, மாசி, செத்தல் கொச்சிக்காய். சேனைப் பக்கத்துச் சோளனும் குரக்கனும் கொஞ்சம். குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய். ஆனால் இதெல்லாம் பக்கவாத்தியம். நடுவில் இருந்தது நெல்.

நெல் வைக்கிற இடத்துக்குப் பட்டறை என்று பெயர். வசதியான வீட்டில் தனி அறை, மற்ற வீடுகளில் நிலத்தில் படாமல் கட்டைகளுக்கு மேல் பாயும் பலகையும் வைத்துக் கட்டிய அடைப்பு. உள்ளே போகும் நெல்லை நன்றாகக் காயவைத்திருக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். 'டக்' என்று முறிந்தால் போடலாம், நசிந்தால் இன்னும் வெயில் வேண்டும். இன்று ஆய்வுகூடத்தில் ஈரப்பதன் 13, 14 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொல்வதும் அந்தக் கடியும் ஏறத்தாழ ஒன்றுதான். வேப்பிலை போடுவார்கள். எலிக்கு ஒரு பூனை.

எவ்வளவு நெல் வேண்டும்? நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். இலங்கையில் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு சுமார் 110 கிலோ அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு 660 கிலோ அரிசி. குற்றினால் நெல்லில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் அரிசி தேறும். ஆகவே சுமார் 1,000 கிலோ நெல், பழைய கணக்கில் ஏறத்தாழ 48 புசல், இன்றைய மூட்டைக் கணக்கில் 16 மூட்டை. மாரியின் மூன்று மாதத்துக்கு மட்டும் என்றால் நாலு மூட்டை. இந்த நாலு மூட்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பட்டறையின் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதும் முக்கியம். எங்கட கரையில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண்வீட்டுக்குப் போகிறான். வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது, பல குடும்பங்களில் வயலும் சேர்த்து. அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடி முறையையும் சீதன வீட்டையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெண்ணின் வீட்டில் இருந்த பட்டறையை அளந்து எடுப்பதும் பெண்தான். இன்றைக்கு எத்தனை சுண்டு, நாளைக்கு எத்தனை, நோன்புக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், எந்த வயிறு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கெல்லாம் உம்மாவின் தலைக்குள் இருந்தது. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, குற்றிப் புடைத்தவர்களும் பெண்கள். அந்த உழைப்புக்குக் கூலி கிடைத்தது ஏழைப் பெண்களுக்கு மட்டும். அதுவும் குறுநெல்லும் தவிடும் சேர்ந்த கூலி. பழைய காலத்தைப் பற்றிப் பேசும்போது ஆண்கள் களவெட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள், பெண்கள் தோள் நோவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தோம்.

பட்டறை இல்லாத வீடுகள் எப்போதும் இருந்தன, அதை மறைத்துவிட்டு 'அந்தக் காலம்' என்று பெருமூச்சு விட எங்களால் முடியாது. போடியார் வீட்டில் அறை நிறைய நெல் இருந்த அதே மார்கழியில், அவருக்கு வயல் செய்தவன் வீட்டில் கஞ்சிதான். அவன் அடுத்த வெட்டுக்குத் தரவேண்டிய உழைப்பை முன்கூட்டியே அடகு வைத்து நெல் வாங்குவான். மாரியில் வாங்கிய நெல்லுக்கு மாசியில் கூடுதலாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏழையின் பஞ்சம் பணக்காரனின் பட்டறையை இன்னும் கொஞ்சம் நிரப்பியது.

இருந்தாலும் ஒன்று இருந்தது. நெல் பங்குபோனது களவெட்டியில், எல்லாரும் பார்க்க. சூடடித்துப் பொலி குவித்ததும் வெட்டினவனுக்கு, முல்லைக்காரனுக்கு, வட்டை விதானைக்கு, பள்ளிவாசலுக்கு என்று நெல்லாகவே பிரிந்தது. ஸக்காத் நெல்லாகவே போனது. மழையால் தானாக விளைந்ததில் பத்தில் ஒன்று, செலவழித்து நீர் இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று என்பது சட்டம். வெட்டி முடிந்த வயலில் விதவைகளும் பிள்ளைகளும் கதிர் பொறுக்குவார்கள். அத்தோடு பிடியரிசி. உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை வேறு பானையில் போட்டு வைப்பது. பெரும்பாலும் பள்ளிக்கும் மத்ரஸாவுக்கும் போகும், சில வீடுகளில் யாரும் கேட்காமல் பக்கத்து வீட்டுக்கும் போகும். நெல் ஊருக்குள் நெல்லாக நின்றதால்தான் இதெல்லாம் நடக்க முடிந்தது.

அந்த நிலை மாறியது ஒரே நாளில் இல்லை. முதல் மாற்றம் போரோடு வந்தது. பிரித்தானியர் காலத்தில் இலங்கை தனக்குத் தேவையான அரிசியில் பெரும்பகுதியை வெளியில் இருந்து, குறிப்பாக பர்மாவில் இருந்து எடுத்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் 9 இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அதே 9 ஆம் திகதி 'ஹேர்மிஸ்' என்ற விமானம்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இன்றும் அது அங்கேதான் கிடக்கிறது. அந்த வருடமே அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன், சங்கக்கடை, வரிசை மூன்றும் எங்கட சொல்வழக்குக்குள் வந்து உட்கார்ந்த காலம் அது.

போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை, நாட்டின் அரசியலே அதைச் சுற்றிச் சுழன்றது. 1953 இல் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடு நின்றுபோய், கடைசியில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பிறகு திரும்பி வந்த அதே டட்லி 1966 இல் இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்தார், அந்த ஒன்று இலவசம். 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க தரப்பு இரண்டு கொத்தையும் திருப்பித் தருவோம் என்றது. சந்திரனில் இருந்தாவது கொண்டுவருவோம் என்ற பேச்சை எங்கட வாப்பாமார் இப்போதும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

கிழமைக்கு ஒரு ஆளுக்கு இரண்டு கொத்து என்றால் வருடத்துக்கு 90 கிலோவுக்கு மேல். ஒரு மனிதன் சாப்பிடுகிற அரிசியில் கிட்டத்தட்ட எல்லாமே. காணி இல்லாத வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். மார்கழியில் போடியார் வாசலில் நிற்கத் தேவையில்லை, கூப்பன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சங்கக்கடைக்குப் போகலாம். பட்டறை இல்லாதவனுக்கு அரசாங்கம் பட்டறையாக இருந்தது. நாங்கள் பேசிய பெரியவர்களில் கூப்பன் காலத்தைத் திட்டியவர்கள் காணிக்காரர்கள். மற்றவர்கள் அவ்வளவு திட்டவில்லை.

இதற்கிடையில் கல்லோயா. 1949 இல் தொடங்கிய திட்டம், இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம். நாங்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் ஆற்றை மறித்துக் கட்டியது. குடியேற்றம், காணி, இன விகிதம் என்று அதன் அரசியல் தனிக் கட்டுரைக்கு உரியது, இங்கே தொடவில்லை. வீட்டுக் கணக்குக்கு வருவோம். அதுவரை இறக்காமக் குளம் போன்ற பழைய குளங்களை அண்டிய வயல்கள் தவிர மற்றதெல்லாம் மழையை நம்பி வருடத்தில் ஒரு போகம். வாய்க்கால் தண்ணீர் எட்டிய இடங்களில் சித்திரையில் விதைத்து ஆவணியில் வெட்டும் சிறுபோகமும் உறுதியானது. மாரிக்குச் சற்று முன்னால் புது நெல் வீட்டுக்கு வந்தது என்பது சின்ன விஷயம் இல்லை. பல நூறு வருடம் இந்தக் கரையைப் பிடித்திருந்த பஞ்ச மாதங்களின் பிடி அப்போதுதான் தளர்ந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஆறு மாதத்தில் அடுத்த நெல் வரும் என்றால் ஒரு வருடத்து நெல்லை வீட்டில் அடைத்து வைப்பானேன்? கையில் காசு தேவை, பசளைக்கும் உழவு இயந்திரத்துக்கும் காசு தேவை. நெல் மெதுவாக வீட்டை விட்டு வெளியே போகத் தொடங்கியது.

1973, 74 ஐ ஒரு தலைமுறை முழுக்க மறக்கவில்லை. உலகச் சந்தையில் எண்ணெய், கோதுமை, அரிசி எல்லாம் ஒரே நேரத்தில் ஏறின. அரசிடம் டொலர் இல்லை. பங்கீடு குறைந்தது. பாணுக்கு விடியப்புறம் வரிசை. மலையகத் தோட்டங்களில் மனிதர்கள் பட்டினியால் செத்தார்கள். எங்கட பக்கம் அந்த அளவுக்குப் போகவில்லை, காரணம் வயலும் மரவள்ளியும் கடலும். ஆனால் வேறொரு கூத்து நடந்தது. 1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபை உருவாகி, நெல் வாங்கும் உரிமை அரசிடம் போனது. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகத் தடை. வீதிகளில் தடை போட்டு பஸ்ஸில் ஏறிப் பைகளைச் சோதித்தார்கள். சொந்த வயல் நெல்லைக் குற்றி வேறு ஊரில் படிக்கும் மகனுக்குக் கொண்டுபோனவர்கள் உடுப்புப் பைக்கு அடியில் ஒளித்துவைத்துக் கொண்டுபோன கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வீட்டில் நெல் வைத்திருப்பது நல்ல குடும்பத்து அடையாளமாக இருந்தது போய், பதுக்கல் என்று சந்தேகப்படும் விஷயமானது. ராத்திரியில்தான் நெல் நகர்ந்தது. மூத்தம்மா சொன்ன வெட்கமும் இந்தப் பயமும் ஒரே நெல்லுக்கு, இருபது வருட இடைவெளியில்.

பட்டறைக்குப் பெரிய அடி விழுந்தது 1978 நவம்பர் 23 இரவு. மட்டக்களப்பை மையமாகத் தாக்கிய அந்தச் சூறாவளியில் ஏறத்தாழ 900 பேர் இறந்தார்கள். கல்முனைக் கரையும் தப்பவில்லை. தென்னைகள் வரிசையாகச் சாய்ந்தன, கூரைகள் பறந்தன, மாரிக்கென்று சேர்த்தது எல்லாம் மாரியின் தொடக்கத்திலேயே நனைந்தது. நனைந்த நெல் மூன்றாம் நாள் முளைவிடும், பிறகு நாறும். ஒரு வீட்டின் ஆயத்தத்துக்கு எல்லை எங்கே என்று அந்த இரவு காட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 உம் மாரிக்குள் வந்த நாள்தான். சுனாமியில் நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000 க்கும் மேல். அதைப் பற்றி இங்கே மேலும் எழுதும் துணிவு எங்களுக்கு இல்லை. ஒரு விஷயம் மட்டும்: அதன் பிறகு கட்டிய வீடுகளும் தொடர்மாடிகளும் ஒரு வருடத்து நெல்லை நினைத்துக் கட்டப்படவில்லை. 6 பேர்ச் வளவில் 16 மூட்டையை எங்கே அடுக்குவது?

கூப்பன் அரிசியும் நீடிக்கவில்லை. 1977 இல் ஆட்சி மாறியது. 1978 தொடக்கத்திலேயே மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று பங்கீட்டைச் சுருக்கினார்கள். 1979 இல் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை. முத்திரையில் எழுதியது ரூபா. ரூபாவின் பெறுமதி விழ விழ அதே முத்திரைக்குக் கிடைத்த அரிசியும் குறைந்தது. பிறகு ஜனசவிய, சமுர்த்தி, இப்போது அஸ்வெசும. எல்லாம் காசு. அரசாங்கப் பட்டறை மூடப்பட்டதை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதே ஆண்டுகளில் எங்கட ஊர்களுக்கு வேறொரு பட்டறை கிடைத்தது. சவூதி, குவைத், கட்டார். பிள்ளைகளை மூத்தம்மாவிடம் விட்டுப் போன உம்மாமாரும், வாப்பாமாரும், காக்காமாரும் மாதா மாதம் அனுப்பிய காசு. சண்டைக் காலத்தில் வயலுக்குப் போக முடியாத வருடங்கள் பல. 1990 க்குப் பிறகு சிலர் தங்கள் காணியை எட்டிப் பார்க்கவும் முடியவில்லை. அப்போது வெளிநாட்டுக் காசுதான் சோறு போட்டது. கடையில் அரிசி வாங்கும் வெட்கம் அநேகமாக அந்த வருடங்களில்தான் செத்திருக்கும்.

கடைசி அடியை இயந்திரம் கொடுத்தது என்பது எங்கட கணிப்பு. முன்பு வெட்டி, கட்டி, சூடு வைத்து, பிறகு அடிப்பார்கள். சூட்டில் கிடக்கும்போதே கதிர் கொஞ்சம் காய்ந்துவிடும். இப்போது அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கினால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏக்கர் முடிந்தது. நெல் ஈரத்தோடு, சில நேரம் 20 வீதத்துக்கும் மேலான ஈரத்தோடு, நேராக மூட்டைக்குள். அதை இரண்டு நாள் அப்படியே வைத்தால் சூடேறிக் கெடும். காயவைக்கத் தளம் இல்லை, ஆள் இல்லை, மழை இருட்டிக்கொண்டு வருகிறது. வயல் ஓரத்தில் லொறி நிற்கிறது. பசளைக் கடன், இயந்திரக் கூலி, குத்தகை எல்லாம் அன்றே கொடுக்க வேண்டும். விலையை லொறிக்காரன் சொல்கிறான். நெல் பொலன்னறுவைக்கோ வேறெங்கோ உள்ள பெரிய ஆலைக்குப் போய், பொலித்தீன் பையில் அரிசியாகத் திரும்பி கல்முனை பஸாருக்கு வருகிறது. இதில் விவசாயியை 'சேமிக்கத் தெரியாதவன்' என்று சொல்வது அநியாயம். சேமிக்கும் சக்தி, அதாவது காயவைக்கும் தளமும் களஞ்சியமும் விலை ஏறும்வரை பொறுத்திருக்கும் காசும், அவனிடம் இல்லை, ஆலைக்காரனிடம் இருக்கிறது. கதிர் பொறுக்கிய பெண்களுக்கும் இயந்திரம் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கூலி காசானது, ஸக்காத்தும் பெரும்பாலும் காசானது.

இந்த நிலையில் 2021 வந்தது. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே கையெழுத்தில் நிறுத்தினார்கள். நவம்பரில் திரும்பப் பெற்றார்கள், ஆனால் பெரும்போகம் விதைத்தாயிற்று. பயிர் மஞ்சளாக நின்றது. 2021 இல் நாடு முழுக்க சுமார் 51 இலட்சம் தொன் நெல் விளைந்தது, 2022 இல் சுமார் 34 இலட்சம். ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. எரிவாயு இல்லை, மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் வைகாசியிலும் கரையில் கிடந்தன. கடல் அமைதியாக இருக்கும்போது மீனவர் பட்டினி கிடப்பதை அப்போதுதான் முதல்முறை பார்த்ததாகக் கடற்கரையில் ஒரு மூத்தவர் எங்களிடம் சொன்னார். செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். நாட்டில் 63 இலட்சம் பேருக்குப் போதிய உணவு உறுதியில்லை என்று ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் கணக்கிட்டன. வெளிநாட்டுக் காசு வந்த வீட்டுக்கும் வரிசைதான், காசுக்குப் பொருள் இருந்தால்தானே.

அரசாங்க ஊழியர்கள் வீட்டுத் தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்தார்கள். எங்கட ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவோடு அரைநாள் போய்விடும், மிச்ச அரைநாளில் 6 பேர்ச் கடற்கரை மணலில் என்ன முளைக்கும் என்று கேட்டவர்கள் உண்டு. ஆனாலும் முருங்கையும் மரவள்ளியும் நட்டார்கள், அதைக் கேலி செய்ய மாட்டோம். சிரட்டை மறுபடி விலைபோனது. சில தெருக்களில் பிடியரிசிப் பானை திரும்பி வந்தது, இம்முறை பள்ளிக்கு இல்லை, தெருவிலுள்ள கூலிக்குடும்பங்களுக்கு. அது யாருடைய யோசனை என்று கேட்டால் எல்லா இடத்திலும் வயதான பெண்களைத்தான் காட்டினார்கள்.

மார்க்கப் பேச்சுகளில் யூசுப் நபியின் கதை அந்த வருடம் நிறையக் கேட்டது. ஏழு வருட விளைச்சல், ஏழு வருடப் பஞ்சம், நெல்லும் கோதுமையும் சேர்த்து வையுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்று வீடுகளுக்கு உபதேசம். கதையை மீண்டும் வாசித்துப் பாருங்கள். அங்கே சேர்த்து வைத்தது வீடுகள் இல்லை. நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டு வாங்கிய ஒருவர், நாடு முழுமைக்கும் சேர்த்தார். அறுத்ததில் உண்பது போக மிச்சத்தைக் கதிரோடு விட்டுவைக்கச் சொன்ன தொழில்நுட்பம் வரைக்கும் அதில் இருக்கிறது. கல்முனைக் குடும்பப் பெண் ஒருத்தியிடம் 'நீ ஏன் சேமிக்கவில்லை' என்று கேட்கிறவர்கள், நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியங்கள் எத்தனை வருடம் பூட்டிக் கிடந்தன என்றும் கேட்டிருக்கலாம்.

இதற்காக வீட்டில் ஒன்றும் வைக்கத் தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2024 நவம்பர் கடைசி வெள்ளத்தில் கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை ஒன்றையொன்று தொட முடியாமல் தீவுகளாகின. மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு அள்ளுண்டு போன மத்ரஸா மாணவர்களை இந்தக் கரை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நாட்களில் லொறி வரவில்லை, பஸாரில் அரிசி தீர்ந்தது. யார் வீட்டில் நாலு நாளுக்கு இருந்ததோ அவர்கள் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து சமைத்தார்கள்.

அதன் பிறகு எங்களில் ஒருவரின் வீட்டில் தீர்மானித்தார்கள், அடுத்த மாரிக்கு நாலு மூட்டை. மாசியில் வயலுக்கே போய், லொறி விலையைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, ஈர நெல்லாக வாங்கி வந்தார்கள். நெல் வாசலில் இறங்கியதும்தான் தெரிந்தது, வீட்டில் யாருக்கும் நெல் காயவைக்கவே சரியாகத் தெரியாது. ராத்தா யூடியூபில் தேடினா. தெருவில் பாய் விரித்தார்கள், ஓட்டோக்காரர்கள் திட்டினார்கள். மூத்தம்மா கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தா. இரண்டாம் நாள் பின்நேரம் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்தா. கடித்தா. தலையாட்டினா.

"இன்னும் ஒரு வெயில் வேணும் மன."

மூன்றாம் நாள் விடியத் தொடங்கிய மழை பகல் முழுக்கப் பெய்தது. நெல் இப்போது விறாந்தையில், மின்விசிறிக்குக் கீழே பரவிக் கிடக்கிறது.